அஞ்சு பொருளுக்குள்ள முடியற காய்: உங்க வீட்ல என்ன செய்வீங்க?

ஓசூர்_ஷிப்ட்காரன்:

வணக்கம் மக்களே. ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை பாக்கறேன், தனி ரூம், ஒரு இன்டக்ஷன் அடுப்பு, ஒரு இரும்பு கடாய், மூணு லிட்டர் குக்கர், இதான் என் கிச்சன். மூணு வருஷம் மெஸ்ல சாப்ட்டு வயிறு எரிஞ்சதுதான் மிச்சம், அதனால போன தீபாவளி முடிஞ்ச கையோட சொந்தமா சமைக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல எல்லாம் வீடியோ பாத்துதான். ஒரு கத்தரிக்கா கறிக்கு சாமான் எழுதினா 21 ஐட்டம் வந்துச்சுங்க, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூன்னு கடை கடையா தேடி வாங்கினேன், அந்த டப்பாவெல்லாம் இப்ப வண்டு புடிச்சு அலமாரில உக்காந்திருக்கு. கொடுமை என்னன்னா கத்தரிக்கா செஞ்சாலும் உருளைக்கிழங்கு செஞ்சாலும் காலிஃப்ளவர் செஞ்சாலும் கண்ண மூடிட்டு சாப்ட்டா எல்லாம் ஒரே டேஸ்ட்டு. மசாலா டேஸ்ட்டு. காய் சும்மா பல்லுக்கு வேலை குடுக்க உள்ள இருந்துச்சு அவ்ளோதான்.

மாசக் கடைசில ஒரு நாள் பி ஷிப்ட் முடிச்சு ராத்திரி 11 மணிக்கு ரூமுக்கு வந்தா ரெண்டு பீர்க்கங்கா, கொஞ்சம் கடுகு, ரெண்டு காஞ்ச மிளகா, எண்ணெய், உப்பு, இதத் தவிர ஒண்ணும் இல்ல, கடையும் சாத்தியாச்சு. சரி ஆனது ஆகட்டும்னு தோல சீவி நறுக்கி, கடுகு வெடிச்சதும் மிளகாய கிள்ளிப் போட்டு, காயக் கொட்டி மூடி வச்சேன். தண்ணி ஊத்தல, ஊத்த மறந்துட்டேன்ங்கறதுதான் நெசம். பத்து நிமிஷம் கழிச்சு தொறந்தா அதுவே தண்ணி விட்டு அந்த தண்ணிலயே வெந்து கெடக்கு. உப்பப் போட்டு சுடு சோத்துல பெசஞ்சு வாயில வச்சா லேசா ஒரு இனிப்பு. பீர்க்கங்காக்கு இப்படி ஒரு ருசி இருக்குன்னு 27 வயசுல தெரிஞ்சுக்கறேன், அம்மாகிட்ட போன் பண்ணி சொன்னா "நான் இருவது வருஷமா அதத்தானேடா செஞ்சு போட்டேன், தொட்டுப் பாத்தியா நீ"ன்னு ஒரே வாரு.

அன்னிலேர்ந்து ஒரு ரூல் வச்சிருக்கேன். எண்ணெய், உப்பு எல்லாம் சேத்து அஞ்சு பொருளுக்கு மேல போகக் கூடாது. பாதி நல்லா வருது பாதி சொதப்புது. வெண்டைக்கா கோந்து மாதிரி ஆகுது, முட்டைகோஸ் ஹாஸ்டல் நாத்தம் அடிக்குது, கீரை கருத்துப் போய் பாக்கவே சகிக்கல. பக்கத்து ரூம் நண்பன் "என்னடா தினம் பத்தியச் சாப்பாடு, ஆபரேஷனா?"ங்கறான். உங்க வீடுகள்ல இப்படி அஞ்சு பொருளுக்குள்ள என்ன செய்வீங்க, எங்க சொதப்பறேன்னும் கொஞ்சம் சொல்லுங்க.


பாளை_பெரியம்மா:

தம்பி, உங்க பீர்க்கங்கா கதைய எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன், அவுகளுக்கு சிரிப்பு அடங்கல. கல்யாணமான புதுசுல நானும் இப்படித்தான், எல்லாக் காய்க்கும் ஒரு செம்பு தண்ணி ஊத்துவேன், மாமியார் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாக, அகப்பைய மட்டும் வாங்கிட்டு நகந்து நில்லுன்னு கண்ணால காட்டுவாக.

பீர்க்கங்கா, சொரக்கா, புடலங்கா, வெள்ளப் பூசணி இதெல்லாம் முக்காவாசிக்கு மேல தண்ணிதான், அதுக்கு மேல நம்ம ஏன் தண்ணி ஊத்தணும். அடுப்பு சிம்ல இருக்கணும், மூடி இருக்கணும், அவ்வளவுதான் சங்கதி. உப்பு மட்டும் கடைசில. ஏன்னா பச்சையா சட்டி நெறய இருக்கையில அத பாத்து உப்பு போட்டா வெந்து பாதியா சுருங்கினதும் கடல் தண்ணி மாதிரி இருக்கும். கீரைக்கும் இதே கதைதான், ஒரு சட்டி கீரை ஒரு கிண்ணம் ஆயிரும். புடலங்காய உப்பு போட்டு பிழிஞ்சு தண்ணியக் கொட்டிட்டு செய்றவுக இருக்காக, எனக்கு அது பிடிக்காது, ருசி எல்லாம் அந்தத் தண்ணியோட போயிரும்.

அப்புறம் காதக் கொஞ்சம் குடுக்கணும் தம்பி. தண்ணி இருக்கற வரைக்கும் சட்டில கொதிக்கற சத்தம் கேக்கும், வத்தினதும் பொரியற சத்தமா மாறும், அந்த எடத்துல மூடிய எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் பெரட்டி எறக்கினா போதும். நான் டைம் பாத்து சமைச்சதே இல்ல, அடுத்த ரூம்ல துணி மடிச்சுக்கிட்டே சத்தத்த வச்சு ஓடி வருவேன்.

வெண்டைக்காக்கு பண்டிதம் ஒண்ணும் வேண்டாம். முழுசா கழுவி, துணில தொடச்சு, ஃபேனுக்கு கீழ அர மணி நேரம் போட்டுட்டு அப்புறம் நறுக்குங்க. நறுக்கினப்புறம் கழுவினீகன்னா முடிஞ்சுது. அகலமான சட்டி, மூடி போடக் கூடாது, கால் கிலோவுக்கு மேல ஒரே தடவைல கொட்டக் கூடாது, வழவழப்பு போற வரைக்கும் உப்பு கிட்டயே வரக் கூடாது. அப்பவும் நூல் விட்டா ஒரு ஸ்பூன் தயிரோ புளித்தண்ணியோ தெளிச்சு விடுங்க, வெட்டிக்கிட்டு நின்னுரும். கோசுக்கு இதுக்கு நேர் எதிரா அவசரம் வேணும், மெலிசா நறுக்கி நல்ல தீயில அஞ்சாறு நிமிஷம், கடிச்சா நறுக்குன்னு இருக்கையிலயே எறக்கிருங்க. வேக வேகத்தான் அந்த நாத்தம் கூடும், ஹாஸ்டல்ல அண்டா அண்டாவா அர மணி நேரம் வேக விட்டா நாறாம என்ன செய்யும்.

தேங்காயும் உங்க அஞ்சு கணக்குல வருமா? வரும்னா நாகர்கோயில் நாத்தனார் வீட்டு துவரன சொல்றேன். தேங்கா, சீரகம், பச்ச மிளகா மூணையும் தண்ணி விடாம ஒரு சுத்து சுத்தி, பாதி வெந்த காய்க்கு நடுவுல குழி பண்ணி அத வச்சு, காயாலயே மூடி, ஆவில அஞ்சு நிமிஷம் விட்டு அப்புறம் கெளறுவாக. தேங்கா பச்சை வாடையும் போயிரும், கருகவும் செய்யாது. காயும் எண்ணெயும் உப்பும் சேத்தா ஆறு ஆச்சு, ஒண்ணு கூடினா பரவால்லன்னு விட்டுருங்க.


நறுக்கியே_ஓஞ்சவ:

எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க, நடுவுல வந்து தண்ணி ஊத்தறேன்னு நெனைக்காதீங்க. பொருள் கம்மின்னா வேலையும் கம்மின்னு ஒரு நெனப்பு ஆம்பளைங்களுக்கு எப்பவும் உண்டு.

கொத்தவரங்கா பொரியலுக்கு என்னங்க வேணும்? காய், கடுகு, மிளகா, உப்பு, எண்ணெய். அஞ்சே பொருள். நறுக்க எவ்ளோ நேரம் ஆகும்னு கேளுங்க. அர கிலோ ரெண்டு முனையும் கிள்ளி பொடிப் பொடியா நறுக்க எனக்கு இருவத்தஞ்சு நிமிஷம், அதுவும் காலைல ஆறு மணிக்கு ஒரு கண்ணு கடிகாரத்து மேல ஒரு கண்ணு பசங்க மேல வச்சுக்கிட்டு. அவரைக்காக்கு நார் உரிக்கணும். முருங்கக்கீரை ஆயறதுக்கு ஒரு சீரியல் முழுசா போயிடும், விளம்பரத்தோட. வாழைப்பூவப் பத்தி நான் பேசவே மாட்டேன்.

பாக்கெட் மசாலாவ எல்லாரும் திட்டறோம், ஆனா ரெண்டு உருளைக்கிழங்க பெருசா வெட்டி ஒரு ஸ்பூன் பொடியப் போட்டு குக்கர்ல வச்சா நாலு டப்பா ரொம்பிடுது. அப்புறம் இன்னொண்ணு. இந்த கம்மி பொருள் சமையலெல்லாம் காய் புதுசா இருந்தாதான் ஓடும். ஞாயித்துக்கெழம வாங்கி வியாழக்கெழம வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல கெடந்த பீன்ஸ வெறும் உப்பு மிளகால செஞ்சு பாருங்க, வைக்கோல் சாப்ட்ட மாதிரி இருக்கும். அதுக்கு மேல மசாலா போத்தித்தான் ஆகணும். தெனம் சந்தைக்குப் போக முடிஞ்சவங்களுக்குத்தான் இந்த எளிமையெல்லாம்.

ஆனா உங்க அம்மா சொன்ன பதில் சூப்பர். அவங்கள நான் விசாரிச்சதா சொல்லுங்க.


ஓசூர்_ஷிப்ட்காரன்:

அக்கா நீங்க சொல்றது நியாயம்தான், ஒத்துக்கறேன். ஒரு ஆளுக்கு நறுக்கறதும் அஞ்சு ஆளுக்கு நறுக்கறதும் ஒண்ணில்ல, எனக்கு ஒரு பீர்க்கங்கா போதும். உழவர் சந்தையும் ரூம்லேர்ந்து பத்து நிமிஷ நடை, நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற வழிலயே அப்பதான் வந்து எறங்கின காய வாங்கிடலாம், அது அதிர்ஷ்டம்தான்.

பெரியம்மா, சத்தம் மாறும்னு சொன்னீங்களே, நேத்து சொரக்கா செய்யறப்ப போன ஆஃப் பண்ணிட்டு காத வச்சு கேட்டேன். மாறுது! ரொம்ப லேசா ஒரு சடசட. எட்டு மாசமா ஹெட்போன் போட்டுக்கிட்டு சமைச்சிருக்கேன், எங்க கேக்கும்.


கரண்டி_கணக்கு:

கீரை கருக்கறதுக்கு காரணம் சொல்றேன், கெமிஸ்ட்ரி படிச்சதுக்கு இதாவது பிரயோஜனம். எலைல பச்ச நெறத்தக் குடுக்கறது குளோரோஃபில், அது நடுவுல ஒரு மெக்னீசியம் அணு இருக்கு. கீரை வேகறப்ப அதுக்குள்ள இருக்கற அமிலம் வெளிய வந்து அந்த மெக்னீசியத்த வெளிய தள்ளிடும், உடனே பச்ச போயி ஒரு மாதிரி ராணுவ யூனிஃபார்ம் கலர் வந்துரும். மூடி வச்சா ஆவியோட போக வேண்டிய அமிலம் திரும்ப சட்டிக்குள்ளயே சொட்டும். அதான் பாட்டிங்க கீரைக்கு மூடி போடாதன்னு சொன்னது, அணுவெல்லாம் தெரியாமலே சொல்லியிருக்காங்க. தொறந்து வச்சு அஞ்சாறு நிமிஷம், தக்காளி புளி சேக்கறதா இருந்தா எறக்கறப்ப. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா பச்சையா நிக்கும், ஆனா கீரை கொழஞ்சு போயிடும், நான் போட மாட்டேன்.

உங்ககிட்ட இருக்கறது இரும்பு கடாய்ங்கறதயும் கவனிங்க. வாழைப்பூ, வாழைக்கா, கத்தரிக்கா மாதிரி துவர்ப்பு உள்ள காயெல்லாம் இரும்புல பட்டா கருக்கும். கெட்டுப் போறதில்ல, பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். ஆனா வெண்டைக்காக்கும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கும் இரும்பை அடிச்சுக்க ஆளே இல்ல.

நண்பர் பத்தியச் சாப்பாடுன்னு சொன்னதுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க வீட்ல திவசத்தன்னிக்கு சமையல்ல கேரட், பீன்ஸ், கோஸ் கெடையாது, வெங்காயம் பூண்டு பேச்சே இல்ல, முக்கியமா மிளகா கெடையாது. காரத்துக்கு மிளகு மட்டும். மிளகா அமெரிக்கா பக்கத்துலேர்ந்து போர்ச்சுகீஸ்காரங்க மூலமா 16ஆம் நூற்றாண்டுல வந்த சரக்குதானே, பித்ருக்களுக்கு அது பழக்கமில்லன்னு எங்க அப்பா ஜோக் அடிப்பார். அன்னிக்கு வாழைக்கா கறின்னா வாழைக்கா, மிளகு, உப்பு, தேங்கா, ஒரு கரண்டி நெய். சேப்பங்கெழங்கும் அப்படித்தான். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பட்டினி கெடந்து எலைல உக்காந்தா அந்த வாழைக்காக்கு இருக்கற மணம் வருஷத்துல வேற எந்த நாளும் எங்க வீட்ல வராது. மறுநாள் அதே வாழைக்காய அதே ஆளு மிளகாப்பொடி போட்டு வறுப்பாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற சாப்பாடு. பசிதான் காரணம்னு என் பொண்டாட்டி சொல்லுவா. பாதி அதுவாவும் இருக்கலாம்.


ஸ்காபரோ_குளிர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில. தம்பியின்ர பீர்க்கங்காய்க் கதையை வாசிக்க எனக்கு எங்கட அம்மம்மாவின்ர வறைதான் ஞாபகம் வந்தது. வறை எண்டால் உங்கட பொரியல் மாதிரித்தான், ஆனா எங்கட வீட்டில அதுக்கு எண்ணெயே விடுறேல்லை. முருங்கையிலையைக் குறுணியா அரிஞ்சு, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியோட சட்டியில போட்டுப் பிரட்டி, இலை வதங்கினவுடன தேங்காய்ப்பூவை, அதுதான் துருவின தேங்காயை, போட்டு ஒரு கிளறு கிளறி அடுப்பால இறக்கோணும். எண்ணிப் பாத்தா சரியா அஞ்சு. தேங்காய்ப்பூவில இருக்கிற எண்ணெயே அதுக்குக் காணும்.

அதோட வெள்ளைக்கறி எண்டு ஒண்டு இருக்கு, பால்கறி எண்டும் சொல்லுவம். கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ பூசணியோ, ஏதோ ஒரு மரக்கறி. அதை வெங்காயம் பச்சைமிளகாய் உப்போட கப்பிப்பாலில, அதாவது முதற்பால் எடுத்தாப் பிறகு திருப்பிப் பிழியுற தண்ணித் தேங்காய்ப்பாலில, அவிய விட்டு, அவிஞ்சாப் பிறகு முதற்பாலை விட்டு ஒரு கொதி வரேக்க இறக்கிப்போட்டு, இறக்கினாப் பிறகுதான் தேசிக்காய்ப் புளி, உங்கட எலுமிச்சம்பழச் சாறு. புளியை விட்டிட்டுத் திருப்பி அடுப்பில வைச்சியளோ பால் திரைஞ்சு போம். எங்கட ஆக்கள் உறைப்புக்குப் பேர் போனவை, கறித்தூள் இல்லாமல் சமைக்கமாட்டினம் எண்டு எல்லாரும் நினைக்கிறது, ஆனா சோறும் உறைப்புக் குழம்பும் இருந்தா பக்கத்தில உறைப்பில்லாத ஒரு வெள்ளைக்கறி இல்லாமல் எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிடமாட்டினம்.

நறுக்கி ஓஞ்ச அக்காவுக்கு ஒரு சொல்லு. இஞ்ச பனிக்காலத்தில முருங்கையிலை உறைய வைச்ச பக்கெற்றிலதான் கிடைக்கும், உருவி ஆயுற வேலையே இல்லை. ஆனா மணமும் இல்லை. அம்மம்மா முத்தத்தில சுளகை வைச்சுக்கொண்டு இலை உருவேக்க கையில ஒட்டுற அந்தப் பச்சை மணத்துக்காக நான் எத்தினை மணித்தியாலமும் இருந்து ஆயுவன் எண்டு நினைக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போனா பத்து நிமிசத்தில முதுகு நோகும், அது வேற கதை.


பாலாத்துக்_கரை:

வேலூர் பக்கம் யாருமே இல்லியா இங்க? எலவம்பாடி முள்ளு கத்தரிக்கா ஒரு தடவ வாங்கிப் பாருங்க. காம்புல முள்ளு இருக்கும், நறுக்கறப்ப கைல குத்தும், அதனால புதுசா வாங்கறவங்க தூரமா நிப்பாங்க. 2023ல புவிசார் குறியீடு கெடச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் மவுசு. அந்தக் காய்க்கு நல்லெண்ணெய், உப்பு, மிளகாத்தூள், வேற எதயும் கிட்ட கொண்டு போகாதீங்க. நாலா கீறி, காம்ப விட்டு வச்சு, மூடி சிம்ல பத்து நிமிஷம், நடுவுல ஒரே ஒரு தடவ திருப்பி விடணும், சும்மா சும்மா கெளறினா கொழஞ்சு களி ஆயிடும். வெண்ணெய் மாதிரி இருக்கும். தயிர் சாதத்துக்கு.

நறுக்கின கத்தரிக்காய உடனே தண்ணில போடணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இல்லனா கருத்துடும்.


ஈரோட்டு_மத்து:

கீரைன்னு வந்துட்டா நான் சும்மா இருக்க முடியாதுங்க. கொங்கு பக்கம் கீரைக்கடைசல்தான் எல்லார் ஊட்லயும். அரைக்கீரையோ சிறுகீரையோ ஒரு கட்டு, பத்து சின்ன வெங்காயம், நாலு பச்ச மொளகா, உப்பு, தாளிக்க கடலெண்ணெய். முடிஞ்சுதுங்க. மண்சட்டில கொஞ்சூண்டு தண்ணி வெச்சு வெங்காயம் மொளகாயப் போட்டு அது பாதி வெந்ததும் கீரையப் போட்டு, தொறந்தபடியே வேக வெச்சு, தண்ணிய ஒரு கிண்ணத்துல வடிச்சு வெச்சுக்கிட்டு, மத்துல கடைஞ்சுக்கிட்டே அந்தத் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தோணும். தண்ணிய கீழ கொட்டிராதீங்க, சத்து அதுலதான் கெடக்குது.

மிக்சில போடலாமான்னு கேக்காதீங்க. போட்டா நொரை வந்து பச்சப் பெயிண்ட் மாதிரி ஆயிருமுங்க. மத்துல கடைஞ்சா நடுநடுவுல எலைத் துணுக்கு நாக்குல படும், வெங்காயம் பாதி மசிஞ்சு பாதி முழுசா இருக்கும், அதுதானுங்க கடைசல். மருமவளுக்கு மிக்சிதான் பிடிக்கும், நான் ஒண்ணும் சொல்றதில்ல, என்ர பங்க தனியா எடுத்து வெச்சு நானே கடைஞ்சுக்குவேன்.

அந்த அம்மணி சந்தைக்குப் போக முடிஞ்சவங்களுக்குத்தான்னு சொன்னது வாஸ்தவமுங்க. 1999ல மதுரைல மொத உழவர் சந்தை வந்துச்சு, பின்னால ஒவ்வொரு ஊரா தொறந்தாங்க. எங்கூர்ல வந்தப்பறம்தான் பறிச்ச அன்னிக்கே கீரை கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால டவுன்ல இருந்தவங்க மார்க்கெட்ல ரெண்டு நாள் தண்ணி தெளிச்சு தெளிச்சு வெச்ச கீரையத்தான் வாங்கோணும், காலைல கட்டப் பிரிச்சா உள்ள பாதி அழுகியிருக்கும். நாங்க தோட்டத்துல இருந்து பறிச்சு வித்த ஆளுங்க, அதனால ரெண்டு பக்கமும் தெரியுமுங்க.

கீரை வாங்கறப்ப தண்டை ஒடிச்சுப் பாருங்க தம்பி. பட்டுன்னு ஒடியோணும். வளைஞ்சுச்சுன்னா வெச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிருங்க.


ஓசூர்_ஷிப்ட்காரன்:

மக்களே ஒரு வாரம் கழிச்சு ரிப்போர்ட் எழுதறேன்.

வெண்டைக்கா பாஸ். ஃபேனுக்கு கீழ காய வச்சு, தொடச்சு, உப்பு கடைசில போட்டு செஞ்சேன், ஒரு நூல் கூட இல்ல. மொத தடவ அவசரப்பட்டு முக்கா கிலோவையும் ஒண்ணா கொட்டிட்டேன், கடாய்ல எடமே இல்லாம ஆவி புடிச்சு மறுபடி கோந்து. ரெண்டாவது தடவ கால் கால் கிலோவா போட்டேன், பெரியம்மா சொன்ன கணக்கு ஏன்னு அப்பதான் புரிஞ்சுது.

கோஸ் ஆறே நிமிஷம். பக்கத்து ரூம்காரன் வந்து "என்னடா போட்ட இதுல"ன்னான். கடுகு, மிளகா, உப்புன்னேன். நம்பல. டப்பா டப்பாவா தொறந்து பாத்தான், கல்பாசி டப்பாவத் தொறந்து வண்டப் பாத்துட்டு மூடிட்டான். இப்ப செவ்வாய் வெள்ளி அவனும் காசு போடறான், நறுக்கற வேலை அவனோடது.

கீரை மட்டும் இன்னும் தேறல. பச்சையா வந்துச்சு, ஆனா மத்து இல்லாம கரண்டியோட பின்பக்கத்தால மசிச்சேன், கடைசலும் இல்லாம பொரியலும் இல்லாம ரெண்டுங்கெட்டானா நின்னுச்சு. சந்தைக்கு வெளில மரச்சாமான் விக்கற தாத்தாகிட்ட மத்து வெல கேட்டு வச்சிருக்கேன். வறைக்கு முருங்கக்கீரை எங்க குவார்ட்டர்ஸ் காம்பவுண்டு ஓரத்துலயே இருக்கு, வாட்ச்மேன் அண்ணன் பறிச்சுத் தர்றேன்னுட்டார். எண்ணெய் இல்லாம செய்யறதுக்குத்தான் கை நடுங்குது.


நறுக்கியே_ஓஞ்சவ:

நண்பன நறுக்க வச்சுட்டீங்க, நல்ல முன்னேற்றம். என் வீட்லயும் ஒருத்தர் இத படிச்சிருந்தா தேவல.

கொத்தவரங்காக்கு ஒரு குறுக்கு வழி சொல்றேன், பாவம் அவரு கை வலிக்கும். மொதல்ல முனைய மட்டும் கிள்ளிட்டு முழுசா உப்புத் தண்ணில முக்கால் பதம் வேக வச்சு எடுத்து, ஆறினதும் பத்து பத்தா சேத்து புடிச்சு நறுக்குங்க. பச்சையா நறுக்கறதுல பாதி நேரம்தான். அந்த லேசான கசப்பும் தண்ணியோட கொஞ்சம் போயிடும். உப்பு ஏற்கனவே ஏறியிருக்கும், தாளிக்கறப்ப மறுபடி போட்டுடாதீங்க.

ஆனா நான் ஒரு பந்தயம் வைக்கறேன். வாழைப்பூ வாங்குங்க. அஞ்சு பொருள்லயே பொரியல் முடியும். முழுப் பூவையும் ஒரே ஆளா, நண்பன் இல்லாம, ஆய்ஞ்சு முடிச்சுட்டு வந்து அப்புறம் எளிமையான சமையலோட சந்தோஷத்தப் பத்தி எழுதுங்க, நான் படிக்கறேன்.


பாளை_பெரியம்மா:

ஏம்மா, அந்தப் பிள்ளைய ஏன் இப்படி சோதிக்கீங்க.

தம்பி, வாங்கினீகன்னா கைல எண்ணெய் தடவிக்கிட்டு உக்காருங்க, கறை போகவே போகாது. பழைய சட்டையப் போட்டுக்கோங்க. ஆய ஆய மோர் கலந்த தண்ணில போட்டுட்டே வாங்க. இரும்பு சட்டி வேண்டாம், குக்கர்லயே மூடி போடாம வதக்கிருங்க. உள்ள போகப் போக பூ சின்னதா வெளுப்பா வரும், அந்தக் குருத்தெல்லாம் ஆய வேண்டாம், அப்படியே நறுக்கலாம், அதான் கடைசில கெடைக்கற ஒரே ஆறுதல்.


ஓசூர்_ஷிப்ட்காரன்:

பந்தயம் ஏத்துக்கிட்டேன். வீக் ஆஃப். வாழைப்பூ வாங்கியாச்சு, எண்ணெய் தடவியாச்சு, மோர் ரெடி. ஆரம்பிச்சு 35 நிமிஷம் ஆச்சு, நாலாவது மடல்லதான் இருக்கேன். கள்ளன எடுக்கறது புரிஞ்சுது, தலை உருண்டையா வெறப்பா ஒரு குச்சி நிக்குது, அதானே. ஆனா அடில கண்ணாடி மாதிரி ஒரு குட்டி செதில் இருக்கே, அதயும் எடுக்கணுமா?


நறுக்கியே_ஓஞ்சவ:

எடுக்கணும்.


ஓசூர்_ஷிப்ட்காரன்:

எல்லாப் பூவுலயுமா? நான் அறுவது எழுவது பூவ செதிலோட ஏற்கனவே மோர்ல போட்டுட்டேனே.


நறுக்கியே_ஓஞ்சவ:

எல்லாப் பூவுலயும்தான் தம்பி. மோர்லேர்ந்து எடுங்க. டிவியப் போட்டுக்கோங்க.